மருமகளின் நாய்

டிசம்பர் 17, ஞாயிறு

விடியுமுன் பிடித்த மழை இன்னும் விடவில்லை. காலை ஆராதனைக்கு வந்தவர்கள் முன் இரண்டு பெஞ்சுக்குள் அடங்கிவிட்டார்கள். சபை ஐயர் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டு, இன்றைக்கு வீடு வீடாகப் பாடிப்போகும் கீத பவனி கிடையாது என்று அறிவித்து அனுப்பிவிட்டார்.

சீலிக்குக் காலையிலேயே ஃபோன் வந்துவிட்டது. ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"அத்தே, இன்னைக்கு வருவேனான்னு தெரியல. பல்ப உள்ள விட்டுக்கோங்க."

"அதுக்கு வராண்டா போதும்" என்றேன்.

அவள் அதன் காதைப் பிடித்து ஆட்டிவிட்டுப் போனாள்.

பல்பு என்பது நாய். இந்த டைரியில் இதுவரை அதைப் பற்றி எழுதியதில்லை. எழுத என்ன இருக்கிறது. என் மகன் சாம்ராஜுக்கும் ஜெபசீலிக்கும் கல்யாணம் ஆனபோது கட்டிலும் பீரோவும் வேனில் வந்தன. பின்னாலேயே அவள் சித்தப்பாவின் பைக்கில் இந்த நாயும் வந்து இறங்கியது. செம்மண் நிறம். நெற்றியில் மட்டும் வட்டமாக வெள்ளை. சீலியின் அப்பா மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்தவர். அவர் வைத்த பெயர். அவர் வேலையில் இருக்கும்போதே இறந்துபோனதால் அந்த வேலை மகளுக்குக் கிடைத்தது. வேலையோடு நாயும் சேர்ந்து வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். சாம்ராஜ் கப்பலில் இருக்கிறான். வருடத்தில் பாதி நாள் வீட்டில் நானும் அவளும் நாயும்தான்.

நான் நாய் வளர்க்கிறவள் இல்லை. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். சமையல் கூடத்துப் பக்கம் நாய் வந்தால் கரண்டியைத் தூக்கிப் பழகிய கை இது.

மத்தியானம் நாத்தனார் கிரேஸ் நாகர்கோவிலிலிருந்து பேசினாள்.

"மருமவ எங்க மைனி?"

"ஆபீஸுக்குப் போயிருக்கா."

"ஞாயித்துக்கிழமையுமா?"

"ஈபி ஆபீஸுக்கு ஞாயிறு ஏது."

அதற்குமேல் விளக்கத் தேவையில்லை. ஆபீஸ் என்பது பொதுவான சொல்.

சாயங்காலம் தெருவில் தண்ணீர் ஓடத் தொடங்கிவிட்டது. அரிசி மூட்டையைக் கட்டிலில் ஏற்றினேன். ரேஷன் கார்டு, பேங்க் புத்தகம், பிரஷர் மாத்திரை, இந்த டைரி எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருக்கிறேன். பல்பை உள்ளே விட்டேன். வராண்டா நனைந்துவிட்டது, வேறு காரணமில்லை.

டிசம்பர் 18, திங்கள்

செல்லத்தாய் வீட்டு மொட்டை மாடி. கீழே தெரு இல்லை, ஆறு ஓடுகிறது. சீலியைப் பற்றித் தகவல் இல்லை.

டிசம்பர் 19, செவ்வாய்

மேலப்படுகைப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன். இங்கேதான் எங்கள் ஊர் ஆட்களுக்கு முகாம். பள்ளிக்கூடம் மேட்டில் இருப்பதால் தப்பியது.

நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். ஞாயிறு இரவு பெரியகுளத்துக் கரை உடைந்தது. எங்கள் படுகைநல்லூர் குளத்துக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு பக்கமும் தண்ணீர் வந்தது. எதிர்வீட்டுச் செல்லத்தாய் சத்தம் போட்டு அழைத்ததால் அவள் மாடிக்குப் போய்விட்டேன். நாயும் கூடவே வந்தது. தெருவில் பாதிப் பேர் அந்த மாடியில்தான். எல்லாருக்கும் ஒரே தார்ப்பாய். குளிருக்கு நாய் என் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. தள்ளிவிட இடமில்லை.

நேற்று மத்தியானத்துக்குமேல் ஃபைபர் போட் ஒன்று தெருவுக்குள் வந்தது. கடற்கரை ஊர்களிலிருந்து மீனவர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த போட். ஓட்டியவர் பெயர் கஸ்பார். வயதானவர்களையும் பிள்ளைகளையும் முதலில் ஏற்றினார். பல்பு என் சேலையை ஒட்டியே நின்றது. நாயுமா என்று யாரோ கேட்டார்கள்.

"ஏறட்டும், அதுவும் உயிருதான" என்றார் கஸ்பார்.

வாழைத்தோட்டத்தைக் கடக்கும்போது, மிதந்து வந்த ஒரு தென்னைமரம் போட்டின் பக்கவாட்டில் இடித்தது. நான் ஒரு கைப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டேன். நாய் தண்ணீரில் விழுந்துவிட்டது. போட்டை நோக்கி இரண்டு தடவை நீந்தப் பார்த்தது, இழுப்பு விடவில்லை. பிறகு குளத்தங்கரைப் பக்கமாகத் திரும்பி நீந்தியது.

"திருப்ப முடியாதும்மா. இந்த ஓட்டத்துல குறுக்க திரும்புனா எல்லாரும் கவுந்துருவோம்" என்றார் கஸ்பார். அவர் சொன்னது சரி. அந்த வெள்ளை வட்டம் கொஞ்ச நேரம் தெரிந்தது. வாழைகள் மறைத்துவிட்டன.

தொண்டை கட்டும்வரை நான் அதைக் கூப்பிட்டுக்கொண்டே வந்ததாகச் செல்லத்தாய் சொல்கிறாள். மழையில் நனைந்ததால் தொண்டை கட்டியிருக்கிறது.

இங்கே சாம்பாரை ஒருவன் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிப் பெருக்கிக்கொண்டிருந்தான். பார்க்கச் சகிக்கவில்லை. கரண்டியை வாங்கிக்கொண்டேன். இன்றிலிருந்து முகாம் சமையல் என் பொறுப்பு.

ஃபோன் எதுவும் வேலை செய்யவில்லை. சீலியைப் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை.

டிசம்பர் 20, புதன்

சீலி வந்தாள்.

பருப்பு வேகும்போது வாசலில் சலசலப்பு. திரும்பினால் அவள் நிற்கிறாள். இடுப்புவரை சேறு, முகத்திலும் சேறு. என் கையையும் காலையும் மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"மாத்திர இருக்கா அத்தே?"

"இருக்கு. நீ சாப்பிட்டியா?"

வராண்டா, மரத்தடி, தண்ணீர்த்தொட்டிப் பக்கம் என்று கண்ணை ஓட்டினாள். கேட்குமுன் நானே சொல்லிவிட்டேன். போட்டில் ஏற்றியது, மரம் இடித்தது, எல்லாம்.

"எந்தப் பக்கம் நீந்துச்சு?"

"குளத்தங்கரைப் பக்கம்."

"நல்லா நீந்தும்" என்றாள். அப்பாவோடு வாய்க்காலில் நீந்திப் பழகியதாம். இதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை.

நின்றபடியே சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்தாள். கிளம்பிவிட்டாள்.

"ஏட்டி, தேடிப் போகலையா?"

"ஆஸ்பத்திரிக்கு இன்னும் லைன் போகல அத்தே. பிரசவத்துக்கு வந்தவங்க டார்ச் வெளிச்சத்துல கெடக்காவ. அத முடிச்சுட்டுத்தான்."

கேட் பக்கத்தில் மதிலுக்கு முகத்தைக் காட்டிக் குனிந்து நின்றாள். ஷூவுக்குள் கல் கிடந்திருக்கும். எடுக்க வெகுநேரம் ஆனது.

டிசம்பர் 21, வியாழன்

முகாமுக்கு விறகு போதவில்லை. சாய்ந்த மரம் ஏதாவது கிடக்குமா பார்த்துவரலாம் என்று நானே நடந்தேன். குளத்தங்கரைப் பக்கம்தான் மரம் அதிகம் சாய்ந்திருக்கும் என்று அந்தப் பக்கமாகப் போனேன்.

போகிற வழிதானே என்று நாயையும் கூப்பிட்டுப் பார்த்தேன். அப்போதுதான் அதில் உள்ள சங்கடம் தெரிந்தது. ஊரில் நாலு நாளாகக் கரண்ட் இல்லை. ஜனங்கள் வீட்டுச் சேற்றை வாரிக்கொண்டிருக்கிறார்கள். நடுத்தெருவில் ஒருத்தி "பல்பு, பல்பு" என்று கூவிக்கொண்டு போனால் என்ன நினைப்பார்கள். டீக்கடை வாசலில் மெழுகுவர்த்தி விற்றுக்கொண்டிருந்தவர், "இப்ப பல்பு வாங்கி என்ன செய்யப் போறீய, இது ரெண்டு வாங்கிட்டுப் போங்க" என்றார். நாயின் பெயர் என்று சொன்னதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுச் சொன்னார். வெள்ளம் வந்த பிறகு அந்தத் தெருவில் சிரித்தது இன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். சிரித்துவிட்டு, பார்த்தால் சொல்கிறோம் என்றார்கள்.

வாய்க்கால் மதகில் ஒரு நாய் செத்துக் கிடப்பதாகச் சொன்னார்கள். போனேன். உடம்பெல்லாம் சேறு, செம்மண் நிறம். நெற்றி தெரியவில்லை. சேலைத் தலைப்பை நனைத்துத் துடைத்துப் பார்த்தேன். வெள்ளை இல்லை. அப்படியே விட்டுவரத் தோன்றவில்லை. யாராவது இதையும் தேடிக்கொண்டிருப்பார்கள். மண்வெட்டி வாங்கிக் குழி தோண்டிப் புதைத்தேன்.

விறகு கொண்டுவர மறந்துவிட்டேன். ராத்திரிக்கு உப்புமாவோடு சமாளித்தோம்.

டிசம்பர் 22, வெள்ளி

எங்கள் வீட்டுக்குள் போய்ப் பார்த்தேன். முழங்கால் சேறு. பீரோ மல்லாந்து கிடக்கிறது. கழுவினால் சரியாகும் பொருட்களை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, கஸ்பாரைப் பார்க்கப் போனேன். நாய் விழுந்த இடம் எது என்று சரியாகச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

மெயின் ரோட்டில் போட்டை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்புகிறார்கள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"அந்த மாடிலருந்து வந்த அம்மாதான. நாய் கெடைச்சுச்சா?"

இல்லை என்றேன். விழுந்த இடத்தைச் சொன்னார். அங்கிருந்து நீந்தினால் குளத்தங்கரைக் கடைசியிலிருக்கும் சிறுத்தோப்பு ஊர்ப் பக்கத்துக் கரையில்தான் ஏறியிருக்கும் என்றார். ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துக்கொண்டிருக்கும்போது அவராகவே பேசினார்.

"உங்க தெருவுக்குள்ள வர எங்களுக்கு அன்னைக்குப் பயம்மா. கம்பமெல்லாம் சாஞ்சு, கம்பி தண்ணிக்கு மேல ஒரு மொழத்துல தொங்குது. கரண்ட் இருக்கா இல்லையான்னு எவன் கண்டான். கடலுன்னா எறங்கிருவோம். இது வேற. அப்ப ஈபிக்காரப் பொம்பளப் பிள்ள ஒண்ணு வந்து போட்டுல ஏறிச்சு. ட்ரான்ஸ்ஃபார்மர்ல சுவிட்ச எறக்கிட்டுத்தான் வாரேன், பயப்படாதீங்கன்னிச்சு. ஆனா கம்பி வழிய மறிக்கில்லா? கழுத்தளவு தண்ணில எறங்கி நின்னு, ஒவ்வொரு கம்பியா ஒதுக்கிக் கட்டிச்சு. இழுப்புக்குக் காலு தரையில ஊனி நிக்கல, ஒரு கையால கம்பத்தப் பிடிச்சிக்கிட்டே கட்டிச்சு. முடிச்சுட்டு, 'கடைசித் தெருவுல மாடியில ஆளு இருப்பாவ, மொதல்ல அங்க போங்கண்ணே'ன்னிச்சு. நீயும் வாயேன்னு கேட்டேன். அடுத்த ஊர்லயும் கம்பி அந்து கெடக்காம். எறங்கி அந்தால போயிட்டு."

பெயர் என்ன என்று கேட்டேன். கேட்க நேரமில்லை என்றார். நெட்டையான பிள்ளை, இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு என்றார்.

"அது என் மருமவ" என்றேன்.

அவர் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார். "அந்த மாடில இருந்தது அதுக்க மாமியாரா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

என்னிடமும் சொல்லவில்லை. நான் உயிரோடு இருக்கிறேனா என்று அவளுக்குத் தெரியாது. இரண்டு தெரு தள்ளித்தான் நான் இருந்தேன். போட்டை எனக்கு அனுப்பிவிட்டு அவள் வேறு ஊருக்குப் போயிருக்கிறாள். புதன்கிழமை வந்து, மாத்திரை இருக்கா என்று கேட்டுவிட்டு, நின்றபடி சாப்பிட்டுவிட்டுப் போனவள் அவள்தான்.

திரும்பி வரும் வழியில் நாயைக் கூப்பிடவே மறந்துவிட்டேன்.

டிசம்பர் 23, சனி

ஃபோனுக்கு உயிர் வந்தது. முதலில் சாம்ராஜ், கப்பலிலிருந்து. அழுதான். அழவேண்டாம், எல்லாரும் நன்றாக இருக்கிறோம் என்றேன்.

"பல்பு?"

"தேடிக்கிட்டு இருக்கோம்."

"யாரும்மா தேடுதா? சீலி டூட்டில இருப்பால்லா?"

"நாந்தான்."

யாரு, யாரு என்று இரண்டு தடவை கேட்டான். லைன் சரியில்லையோ என்று நினைத்தேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

அடுத்து கிரேஸ். "மைனி, இந்த வெள்ளத்துலயும் மருமவள ஆபீஸுக்கு வரச் சொல்லுதாவளா?"

"ஆபீஸ் இல்ல. லைன் வேல. கம்பத்துல ஏறுதா" என்றேன்.

"கம்பத்துலயா?"

"ஆமா. அவ அப்பா பார்த்த அதே வேல. இந்தச் செக்‌ஷன்ல ஏறுத பொம்பள அவ ஒருத்திதான். இந்தச் சுத்துவட்டாரத்துல போய்க் கேட்டுப் பாரு, தெரியாத ஆள் கிடையாது." பேச ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. கழுத்தளவு தண்ணீர், கம்பிகள், போட், ஆஸ்பத்திரி லைன் எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்களும் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"இதெல்லாம் நீங்க சொல்லவே இல்லையே மைனி" என்றாள் கிரேஸ்.

"நீ சரியாக் கேக்கல" என்றேன்.

மாலையில் பால்காரர் சொள்ளமுத்து வந்தார். டீக்கடைக்காரர் சொல்லி அனுப்பினாராம். சிறுத்தோப்புக்குப் போகும் கரை உடைந்து பாதை அற்றுப்போயிருக்கிறது. உடைப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறார். அக்கரை மேட்டில் ஒரு பெண், இரண்டு ஆடு, ஒரு நாய்.

"நெத்தி வெள்ளையா?"

"அங்கன இருந்து நெத்தி எப்படித் தெரியும்? நாயி படுத்தே கெடக்கு. எந்திரிக்கல. அதான் சொல்ல வந்தேன்."

சீலியிடம் இன்னும் சொல்லவில்லை. வேறு நாயாக இருந்தால் அவளுக்கு இரண்டு தடவை கஷ்டம்.

டிசம்பர் 24, ஞாயிறு

காலைச் சமையலைச் செல்லத்தாயிடம் ஒப்படைத்துவிட்டு நடந்தேன். இன்றைக்கு விறகு, வீடு என்று எந்தச் சாக்கும் எழுதப்போவதில்லை. நாயைத் தேடித்தான் போனேன்.

உடைப்பில் இடுப்பளவு தண்ணீர் இன்னும் ஓடுகிறது. இரண்டு பக்கமும் பனைமரத்தில் சேர்த்து வடக்கயிறு கட்டியிருந்தார்கள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்து இறங்கினேன். கால் வைத்த இடமெல்லாம் மணல் நழுவியது. நடுவில் நெஞ்சளவு வந்தது. கையை மட்டும் விடவில்லை.

அக்கரையில் பாலித்தீன் தாளைக் கம்பில் கட்டிய ஒரு கூரை. அதற்குள் ஆடுகள் இரண்டும் நின்றன. பக்கத்தில் நாய். தலையைத் தூக்கியது. வெள்ளை வட்டம்.

"பல்பு" என்றேன். எழுந்திருக்க முயன்று முடியாமல், வாலால் தரையை அடித்தது. அடி விழுந்த இடத்தில் சேறு தெறித்தது. நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அது என் கையையும் கழுத்தையும் முகத்தையும் நக்கியது. நக்கட்டும் என்று இருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தப் பெண் நிற்பதைக் கவனித்தேன். பூலம்மாள் என்று பெயர். ஆடு மேய்த்துப் பிழைக்கிறவள். சிறுத்தோப்பு ஜனங்கள் கோயில் மண்டபத்தில் இருக்கிறார்கள். ஆடுகளை விட்டுப் போக மனமில்லாமல் இவள் மட்டும் கரையிலேயே இருக்கிறாள்.

"உங்க நாயா, அக்கா?"

"என் மருமவ நாய். என் நாயும்தான்."

"திங்கக்கிழம பொழுது சாயுத நேரம் வந்து கரையேறிச்சு. என் ஆடெல்லாம் போச்சு, இந்த ரெண்டுதான் மிச்சம். அதும் மிரண்டு தண்ணிப் பக்கமா ஓடுது. இது வந்து மறிச்சிச்சு பாருங்க. நான் சொல்லவே இல்ல. அங்கிட்டு ஓடி மறிக்கும், இங்கிட்டு ஓடி மறிக்கும். அப்பம் ஒரு பனமட்டைக் குலை சரிஞ்சு பின்னங்கால்ல விழுந்துட்டு. அதோடயும் நொண்டிக்கிட்டே மறிச்சிச்சு. விடிஞ்ச பெறவுதான் படுத்துது."

முறிந்த காலுக்கு இரண்டு பக்கமும் மட்டைத்துண்டு வைத்து, சேலைக் கிழிசலால் கட்டியிருந்தாள். ஹெலிகாப்டரில் போட்ட பொட்டலத்தில் வந்த ரொட்டியை அவளும் நாயும் பாதிப் பாதியாகத் தின்றார்களாம்.

"பேரு தெரியாது. நான் சாமின்னு கூப்பிட்டேன். அதுக்கும் வாலாட்டும்." நாயின் முதுகைத் தடவினாள். "கொண்டுபோவியளா?"

"காலுக்கு வைத்தியம் பாக்கணும்லா."

"பாக்கணும். கொண்டுபோங்க." கையை எடுக்காமலே சொன்னாள். "கரண்டு, போனு ஒண்ணும் இங்க இல்ல. இதுதான் பேச்சுத் துணையா இருந்துச்சு."

முகாமுக்கு என்னோடு வந்துவிடு என்றேன். ஆடு இரண்டையும் விட்டு வரமாட்டேன் என்றாள். எனக்குப் புரிந்தது.

கோணிச்சாக்கைப் பிரித்து, தொட்டில் மாதிரி முடிச்சுப் போட்டு, நாயை என் முதுகில் ஏற்றினாள். உடைப்பின் பாதிவரை பின்னாலேயே தாங்கிக்கொண்டு வந்தாள். ஆடு கத்தவும் திரும்பிப் போனாள். மீதித் தூரம் நானும் நாயும்தான். கொதிக்கிற உலையை ஒற்றை ஆளாக இறக்கி வைத்த இடுப்பு இது, நாய்க்கா வளையும் என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். அது என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு அசையாமல் வந்தது.

மேலப்படுகைச் சந்தை முக்குக்கு வரும்போது கம்பத்தில் ஆள் நிற்பது தெரிந்தது. பெல்ட்டில் சாய்ந்துகொண்டு சீலி கம்பியை இழுத்து முறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கூப்பிடவில்லை. வேலையில் இருப்பவளை மேலே இருக்கும்போது கூப்பிடக்கூடாது. ஆனால் நாய் குரைத்துவிட்டது.

அவள் கீழே பார்த்தாள். கை நின்றது.

கீழே இருந்த ஃபோர்மேன் பரமசிவம் என் முதுகைப் பார்த்தார், மேலே பார்த்தார். "சீலி, எறங்கிக்கோம்மா. நான் ஏறி முடிக்கேன்."

"இன்னும் ஒரு கட்டுதான்ணே. முடிச்சுட்டு வாரேன்."

கை மறுபடி ஓடத் தொடங்கியது. அவசரப்படவில்லை. ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துத்தான் அடுத்ததற்குப் போனாள். சந்தை ஜனங்கள் கூடிவிட்டார்கள். ஒரு அம்மாள் நாயை இறக்கி வையுங்கள், பாரமாக இருக்குமே என்றாள். வேண்டாம் என்றேன். அவள் கம்பத்தில் நிற்கும்வரை நானும் நின்றுகொள்கிறேன்.

இறங்கி, பெல்ட்டைக் கழற்றி, பரமசிவத்திடம் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள். நாயின் நெற்றியில் தன் நெற்றியை வைத்தாள். அவள் தோள் குலுங்கியது. நாய் அவள் காதைக் கடித்தது. பிறகு என் சேலையைப் பார்த்தாள், நெஞ்சுவரை ஈரம்.

"அத்தே, அந்த ஒடப்பக் கடந்தா போனீய?"

"கயிறு கட்டியிருந்தாவ."

"தனியாவா?"

"நீ மட்டும் அன்னைக்கு யாரக் கூட்டிட்டு எறங்குன, கழுத்தளவு தண்ணில?"

அவள் சேற்றுக் கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாங்கள் இப்படிக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை.

கால்நடை டாக்டர் முகாமுக்கு வந்திருந்தார். மாவுக்கட்டுப் போட்டார். கால் கூடிவிடும், கொஞ்சம் நொண்டும் என்றார். நொண்டினால் நொண்டட்டும்.

யார் முதலில் கட்டுப் போட்டது என்று சீலி கேட்டாள். பூலம்மாளைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்து போனாள். திரும்பி வந்து, "நாளைக்குச் சிறுத்தோப்புக்கு லைன் போடப்போறோம் அத்தே" என்றாள்.

"நாளைக்குப் பண்டிகைல்லா?"

"ஆமா. கேங்க்ல எல்லாரும் வாரோம்னுட்டாவ. ஆனா கரை ஒடஞ்சதுல லாரி போகாது. கம்பத்தக் கையாலதான் கொண்டுபோகணும், இழுத்துத்தான் நிறுத்தணும். ஆளு வேணும். அதுக்குத்தான் என்ன செய்யன்னு தெரியல."

"ஆள நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

சாயங்காலம் பரிமாறும்போதே கேட்டுவிட்டேன். முகாமில் உட்கார்ந்திருக்கிற மீசைக்காரர்களில் பாதிப் பேர் என் சத்துணவைத் தின்று வளர்ந்தவர்கள். "நாளைக்கு என் மருமவ கம்பம் நடப்போறா. கை குடுக்கிறவனுக்கு ரெண்டாம் தடவ சோறு" என்றேன். ஒருவர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை.

டிசம்பர் 25, திங்கள்

காலையில் பள்ளிக்கூட முற்றத்திலேயே ஆராதனை. ஐயர் ஜெபத்தை முடித்ததும் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு எங்களோடு கிளம்பிவிட்டார்.

கம்பங்களை வாழைத்தண்டு மிதவையில் கட்டி உடைப்பைக் கடத்தினார்கள். அக்கரையில் தோளில் ஏற்றினார்கள். நான் சோற்றுப் பானையோடு போனேன். பல்பை ஒரு கூடையில் வைத்து மிதவையில் ஏற்றிக் கடத்தியது பரமசிவம். எனக்கு அதில் பங்கில்லை. பூலம்மாள் தூரத்திலேயே பார்த்துவிட்டு ஓடி வந்தாள். பல்பு, சாமி என்று இரண்டு பெயரும் சொல்லிக் கூப்பிட்டாள்.

சிறுத்தோப்பு ஜனங்களும் மண்டபத்திலிருந்து வந்துவிட்டார்கள். குழி தோண்டியாயிற்று. கம்பத்தின் தலையில் வடம் கட்டியாயிற்று. ஆள் போதாமல் பெண்களும் கயிற்றைப் பிடித்தார்கள். பானையை இறக்கி வைத்துவிட்டு நானும் பிடித்தேன். எனக்கு முன்னால் ஐயர், பின்னால் பூலம்மாள்.

சீலி குழிக்குப் பக்கத்தில் ஒரு மண்மேட்டில் ஏறி நின்றாள். சேற்றுச் சட்டை, தலையில் மஞ்சள் தொப்பி.

"நான் சொன்ன பெறவு எல்லாரும் ஒண்ணா இழுக்கணும். நிறுத்துன்னா நிறுத்தணும். யாரும் தன்னிஷ்டத்துக்கு இழுத்தா, அடியில நிக்கிற ஆளு போயிருவான்."

அத்தனை பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பேச்சில்லை. முப்பது வருடம் ஒரு சமையல் கூடத்தில் நான் சொல்லித்தான் அடுப்பு எரிந்தது, நான் சொல்லித்தான் அணைந்தது. இன்றைக்கு நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் வாயைப் பார்த்து நின்றேன். அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

"இழுங்க" என்றாள்.

இழுத்தோம். கம்பம் அசைந்தது, தலை தூக்கியது. "நிறுத்து" என்றாள், நிறுத்தினோம். மறுபடி இழுத்தோம். உள்ளங்கைத் தோல் உரிந்தது அப்போது தெரியவில்லை; இப்போது பேனா பிடிக்கும்போதுதான் தெரிகிறது. குழிக்குள் அடிப்பாகம் சறுக்கி இறங்கிய சத்தம் கேட்டது. கம்பம் நிமிர்ந்து நின்றுவிட்டது. கல்லும் மண்ணும் போட்டு இடித்து இறுக்கினார்கள்.

சிறுத்தோப்புக்காரர் ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதுல இனி ஏறப்போறது யாரு?" என்று கேட்டார்.

நான் போய்ப் பெல்ட்டை எடுத்து வந்து சீலியிடம் கொடுத்தேன்.